கரித்தூளைக் கட்டி பிடிக்கும் கலை

எரிந்துகொண்டிருக்கும் ஊதுலைக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. அடிப்பகுதியில் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பம். சுற்றிலும் கனத்த இரும்புக் கூடு, அதற்கு உட்புறம் செங்கல் சுவர். இரும்புத் தாதுவை மேலே கொட்டுகிறோம், கீழே இரும்புக் குழம்பு வருகிறது. நடுவில் நடப்பதைப் பற்றி நெடுங்காலம் ஊகம்தான் இருந்தது.

ஜப்பான் நாட்டுப் பொறியாளர்கள் 1970ஆம் ஆண்டையொட்டி ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். மூடப்போகும் சில ஊதுலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவை ஓடிக்கொண்டிருந்தபோதே காற்றை நிறுத்தி, தண்ணீரைப் பாய்ச்சிக் குளிரவைத்தார்கள். உள்ளே இருந்தது எதுவும் கலையாமல் அப்படியே உறைந்து நின்றது. பிறகு மேலிருந்து கீழாக, ஒவ்வோர் அடுக்காகத் தோண்டி, படம் எடுத்து, அளந்து, குறித்துவைத்தார்கள். ஹிரோஹாட்டா என்ற இடத்தில் இருந்த முதலாம் எண் உலை அவற்றுள் ஒன்று.

தோண்டியவர்கள் கண்டது இதுதான். உலையில் தாதுவை ஓர் அடுக்கு, கல்கரியை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்த அடுக்குகள் கலந்துவிடாமல், வரிசை குலையாமல் கீழே இறங்கிவந்திருந்தன. பாதி உயரத்துக்குக் கீழே வந்ததும் தாது இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் புகாத வளையங்களாகிவிட்டிருந்தது. அந்த வளையங்களுக்கு இடையே இருந்த கல்கரி மட்டும் கட்டி கட்டியாக, இடைவெளி விட்டு நின்றது. இன்னும் கீழே போனால் திடப்பொருள் என்று சொல்ல கல்கரியைத் தவிர வேறு எதுவுமே இல்லை. இரும்பும் கசடும் உருகி அந்தக் கட்டிகளின் சந்து பொந்துகள் வழியே சொட்டி இறங்கியிருந்தன.

கல்கரி என்பது நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் கட்டி. சாம்பல் நிறம், கடினமான உடம்பு, உடம்பெங்கும் நுண்துளைகள். தொழிற்சாலையில் எல்லாரும் அதைக் ‘கோக்’ என்பார்கள். ஊதுலையில் அதற்கு மூன்று வேலைகள். முதல் வேலை எரிவது. கீழே ஊதப்படும் காற்றே 1,000 டிகிரிக்கு மேல் சூடாக வருகிறது. அது பட்டவுடன் கோக் பற்றி எரிந்து உலைக்கு வெப்பம் தருகிறது. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவைத் தருவது. இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். கார்பன் மோனாக்சைடு மேலே ஏறும் வழியில் தாதுவிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். மிஞ்சுவது இரும்பு.

மூன்றாவது வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுமை தாங்குவது! தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான டன் தாதுவும் சுண்ணாம்புக் கல்லும் அழுத்த, கோக் நொறுங்காமல் நிற்க வேண்டும். நொறுங்கித் தூளானால் சந்துகள் அடைபட்டுப் போகும். கீழிருந்து வாயு ஏற முடியாது, மேலிருந்து குழம்பு இறங்க முடியாது. உலைக்கே மூச்சு முட்டும். எண்ணெயையும் நிலக்கரித் தூளையும் குழாய் வழியே உலைக்குள் செலுத்தி, எரியும் வேலையில் கொஞ்சத்தை அவற்றிடம் கொடுக்கலாம். சுமை தாங்கும் வேலையைக் கொடுக்க கோக்கைத் தவிர ஆள் கிடையாது. உலை பெரிதாகப் பெரிதாக கோக்கும் உறுதியாக இருந்தாக வேண்டும்.

நிலக்கரியையே நேரடியாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நிலக்கரி சூடாகும்போது தாரும் புகையும் கக்கும், இளகும், உலையை அடைக்கும். 1709இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் என்னும் ஊரில் ஆப்ரகாம் டார்பி என்பவர் நிலக்கரியை முதலில் கோக்காகச் சுட்டு, அந்தக் கோக்கைப் போட்டு இரும்பு உருக்கிக் காட்டினார். அதுவரை அங்கே மரக்கரிதான். மரக்கரிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது.

சரி, எல்லா நிலக்கரியும் கோக் ஆகுமா? ஆகாது. இந்தக் கட்டுரையின் கதையே இங்கேதான் தொடங்குகிறது.

கோக் அடுப்பு என்பது ஒரு விசித்திரமான அறை. 12 முதல் 16 மீட்டர் நீளம். 4 முதல் 7 மீட்டர் வரை உயரம், அதாவது இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் மட்டும் 40, 45 சென்டிமீட்டர்தான். உங்களில் ஒருவர் பக்கவாட்டில்தான் நிற்க முடியும். இப்படிப் பல பத்து அறைகள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவருக்குள் வாயு எரிந்துகொண்டிருக்கும். நிலக்கரிக்கு நெருப்புப் படாது, காற்றும் படாது. இரு பக்கச் சுவர்களின் சூடு மட்டுமே ஏறும். அதனால்தான் அறை அவ்வளவு ஒல்லி. அகலமாக இருந்தால் நடுவில் இருக்கும் கரிக்குச் சூடு போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரமாகும். இந்த அகலத்துக்கே 16 முதல் 20 மணி நேரம் பிடிக்கிறது.

சுவரை ஒட்டியுள்ள ஒரு நிலக்கரித் துகளை நாம் உற்றுப் பார்க்க முடிந்தால்? முதலில் அதன் ஈரம் ஆவியாகும். 350 டிகிரியைத் தாண்டியதும் ஓர் அதிசயம். கல் மாதிரி இருந்த துகள் இளக ஆரம்பிக்கும். உள்ளே வாயுக் குமிழ்கள் உண்டாகி அதை உப்பவைக்கும். உப்பிய துகள் பக்கத்துத் துகளைத் தொட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே உடலாகிவிடும். 500 டிகிரியைத் தொடும்போது இளகல் முடிந்து மறுபடியும் இறுகும். இந்த முறை இறுகுவது தனித்தனித் துகளாக அல்ல, ஒரே கட்டியாக. அதன் பிறகு வெப்பம் 1,000 டிகிரி வரை ஏற ஏற, மிச்சமிருக்கும் வாயுக்களும் வெளியேறி, கட்டி சுருங்கி, வெடிப்பு விட்டு, கோக் ஆகிறது. ஒரு டன் நிலக்கரி போட்டால் ஏறத்தாழ முக்கால் டன் கோக் கிடைக்கும்.

அந்த 350க்கும் 500க்கும் இடைப்பட்ட 150 டிகிரிதான் கோக்கின் தலையெழுத்தை எழுதுகிறது. அந்த நேரத்தில் நன்றாக இளகி, நன்றாக உப்பி, நன்றாக ஒட்டும் நிலக்கரி உலகத்தில் கொஞ்சம்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இளகவே இளகாது. மிக முதிர்ந்த ஆந்த்ரசைட் நிலக்கரியும் இளகாது. இரண்டுக்கும் நடுவில், மண்ணுக்கடியில் சரியான வெப்பத்திலும் அழுத்தத்திலும் சரியான அளவுக்கு முதிர்ந்த நிலக்கரிக்கு மட்டுமே அந்தக் குணம் உண்டு. அதிலும் சில நன்றாக ஒட்டும், சில அரைகுறையாக ஒட்டும். நன்றாக ஒட்டுவது விலை கூடியது.

இப்போது ஜப்பானுக்குத் திரும்புவோம். யவாட்டா என்ற இடத்தில் 1901இல் அந்த நாட்டு அரசின் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானின் எஃகுத் தொழில் தாவிக் குதித்து வளர்ந்தது. 1973இல் அந்தச் சிறிய நாடு ஏறத்தாழ 12 கோடி டன் எஃகு தயாரித்தது. ஆனால் அங்கே நல்ல கோக் தரும் நிலக்கரி போதிய அளவுக்குக் கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வரவழைத்தார்கள். வேண்டும் வேண்டும் என்று எல்லா நாடும் கேட்டால் விலை ஏறத்தானே செய்யும்? அரைகுறையாக ஒட்டும் மலிவான நிலக்கரியோ எளிதாகக் கிடைத்தது. அதைக் கலந்தால் கோக் பொலபொலவென்று வந்தது.

பொறியாளர்கள் நிலக்கரியின் குணத்தை மாற்ற முடியாது. அது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. மாற்றக்கூடியது ஒன்றுதான்: துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள தூரம்.

ஒரு டம்ளர் நிறைய ரவையைத் தளரக் கொட்டுங்கள். தலை தட்டிச் சமமாக்குங்கள். இப்போது டம்ளரின் பக்கவாட்டில் விரலால் பத்திருபது தடவை தட்டுங்கள். ரவை இறங்கி, மேலே இடம் விடும். ரவை குறையவில்லை. துகள்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறிவிட்டது. அந்த ரவையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசிறிவிட்டு மறுபடி கொட்டிப் பாருங்கள். ஈரத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சரிந்து விழாமல், முன்பைவிட அதிக இடத்தை அடைத்து நிற்கும்.

கோக் அடுப்பிலும் இதே கதைதான். கட்டி நிலக்கரி ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.3 டன் எடை இருக்கும். அதைப் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குக் கீழாக அரைத்து, அடுப்பின் மேல் துவாரங்கள் வழியே கொட்டினால், ஒரு கன மீட்டரில் முக்கால் டன்தான் பிடிக்கிறது. கழுவிய கரியில் ஈரம் வேறு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடுப்பில் ஏறக்குறைய பாதி இடம் வெறும் சந்து!

நன்றாக உப்பும் நிலக்கரிக்கு அந்தச் சந்து ஒரு பொருட்டில்லை. உப்பி, சந்தை நிரப்பி, அடுத்த துகளைப் போய்த் தொட்டுவிடும். குறைவாக உப்பும் நிலக்கரிக்கு அந்த வலு இல்லை. பக்கத்துத் துகளை எட்டுவதற்குள் 500 டிகிரி வந்துவிடும், இறுகிவிடும். கோக்கில் அந்த இடம் பலவீனமான இடமாகவே நின்றுபோகும். தொடும் தூரத்தில் பக்கத்துத் துகள் இருந்திருந்தால் அதுவும் ஒட்டியிருக்கும்.

அப்படியானால் அடுப்பில் போடுவதற்கு முன்பே துகள்களை நெருக்கி வைத்துவிட்டால்?

நிப்பான் ஸ்டீல் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் யவாட்டா ஆலையில் செய்தது அதைத்தான். எல்லாக் கரியையும் அல்ல, சுமார் 30 விழுக்காட்டை மட்டும் தனியே எடுத்தார்கள். அதோடு கீலைக் கலந்தார்கள். கீல் என்பது தாரைக் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சும் கருப்புப் பிசின். நூறு கிலோ கரித்தூளுக்கு ஆறேழு கிலோ கீல் போதும். நீராவி பாய்ச்சி, சூடாக்கி, பிசைந்தார்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே பக்குவம்தான்: பாகு சூடாக இருக்கும்போதே பிடித்தாக வேண்டும், ஆறினால் உருண்டை நிற்காது, பாகு குறைந்தால் உதிரும், கூடினால் கையில் ஒட்டும்.

ஆலையில் உருண்டை பிடிப்பது கை அல்ல, இரண்டு இரும்பு உருளைகள். ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் அந்த உருளைகளின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து விழும் சூடான கரிப் பிசைவு இரண்டு உருளைகளுக்கு நடுவே மாட்டி நசுங்கும். இந்தக் குழியும் எதிர்க்குழியும் நேருக்கு நேர் வரும்போது, நடுவில் ஒரு கரிக்கட்டி உருவாகிக் கீழே விழும். இரண்டு பக்கமும் புடைத்து, ஓரம் மெலிந்த, உள்ளங்கையில் அடங்கும் கட்டி. பட்டை வழியே ஓடும்போது ஆறி, கெட்டிப்படும். பிறகு அதை மீதி 70 விழுக்காடு தூளோடு கலந்து அடுப்பில் கொட்டுவார்கள். தொழிலில் இதற்குப் பிரிக்கெட் என்று பெயர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கீல் எங்கிருந்து வருகிறது என்பது. கோக் அடுப்பிலிருந்து வெளியேறும் புகையைக் குளிர்வித்தால் தார் கிடைக்கும். தாரைக் காய்ச்சினால் கீல். அடுப்பு முன்னர் கக்கியதைக்கொண்டே அடுப்புக்குள் அடுத்துப் போகும் கரியை ஒட்டவைக்கிறார்கள். அந்தக் கீலும் அடுப்பில் இளகி, அரைகுறைக் கரி ஒட்டுவதற்குத் துணை செய்கிறது.

பிரிக்கெட்டுக்குள் துகள்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கொஞ்சமே உப்பினாலும் அடுத்த துகளைத் தொட்டுவிடலாம். எனவே, தனித்து நின்றால் தேறாத கரிகூட இங்கே ஒட்டிக்கொள்கிறது. இது முதல் நன்மை. இரண்டாவது இன்னும் அழகானது. நெருக்கமாக உள்ள பிரிக்கெட் இளகும்போது, உள்ளே உண்டான வாயுவுக்கு வெளியேற வழி கிடைக்காமல் முழுக் கட்டியும் உப்பும். உப்பும்போது தன்னைச் சுற்றியுள்ள தளர்வான தூளை நாலா பக்கமும் தள்ளி நெருக்கும். அதாவது 30 விழுக்காட்டைத்தான் அழுத்தினோம், ஆனால் மீதி 70 விழுக்காடும் அடுப்புக்குள்ளேயே அழுத்தம் பெற்றுவிடுகிறது.

இதனால் என்ன கிடைத்தது? கோக்கின் உறுதியைக் குறைக்காமலே, கலவையில் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக மலிவான கரியைச் சேர்க்க முடிந்தது. அல்லது, அதே கரியைப் போட்டு முன்பைவிட உறுதியான கோக்கை எடுக்க முடிந்தது. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதே அடுப்பில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூடுதல் கரியும் பிடித்தது.

அப்படியென்றால் நூற்றுக்கு நூறு பிரிக்கெட்டே போட்டால் என்ன? போட்டால் பிரிக்கெட்டுக்கும் பிரிக்கெட்டுக்கும் நடுவே பெரிய பெரிய சந்து விழும். அந்தச் சந்தை நிரப்பத் தூள் வேண்டும். கீலுக்கும் செலவு கூடும். இவற்றைவிட முக்கியமான காரணம் அடுப்பின் சுவர். நெருக்கமான கரி உப்பும்போது சுவரையும் தள்ளும். அளவு மீறினால் சுவர் பிளந்துவிடும். சுவரைப் பழுது பார்ப்பது சின்ன வேலை இல்லை. சிலிக்கா செங்கல்லால் கட்டிய சுவர் அது. சிலிக்கா மிகுந்த வெப்பத்தில் நிலையாக நிற்கும். ஆனால் குளிர்ந்து 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அதன் பருமன் சட்டென்று மாறி, செங்கல் வெடித்துவிடும். ஆகவே, ஒரு கோக் அடுப்பை ஒரு முறை சூடாக்கினால், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இடிக்கும்வரை அதை ஆறவே விடமாட்டார்கள். தீபாவளி, பொங்கல், வேலைநிறுத்தம், வெள்ளம் எதுவானாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஜப்பானியர்கள் 30 விழுக்காட்டோடு நின்றதில் அந்தச் சுவர்மீதான அக்கறையும் இருக்கிறது.

கோக் உறுதியாகிவிட்டது என்று எப்படிச் சொல்கிறார்கள்? உருட்டிப் பார்த்துத்தான். கோக் கட்டிகளை ஓர் இரும்புப் பீப்பாயில் போட்டுச் சுற்றுவார்கள். சுற்றி முடித்துச் சலித்து, எவ்வளவு கட்டியாக நிற்கிறது, எவ்வளவு தூளாகிவிட்டது என்று எடை போடுவார்கள். ஆனால் அறை வெப்பத்தில் உறுதியாக இருக்கும் கோக் ஊதுலைக்குள்ளும் உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உலைக்குள் கார்பன் டை ஆக்சைடு அதை அரித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் சொன்ன உலைத் தோண்டல் இதையும் கண்முன் காட்டியது. அதனால் நிப்பான் ஸ்டீல் நிறுவனம் வேறொரு சோதனையை வகுத்தது. 20 மில்லிமீட்டர் அளவுள்ள கோக் துண்டுகள் 200 கிராம் எடுத்து, 1,100 டிகிரியில் இரண்டு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடை அதன்மேல் செலுத்த வேண்டும். கார்பனில் ஒரு பகுதி வாயுவோடு போய்விடும். மிஞ்சிய துண்டுகளை ஆறவைத்து, ஓர் உருளைக் குழாயில் போட்டு 600 தடவை சுற்ற வேண்டும். பிறகு, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், நூற்றில் எத்தனை பங்கு சல்லடையில் நிற்கிறதோ அதுதான் மதிப்பெண். பெரிய ஊதுலைக்காரர்கள் 60க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். இன்று உலகம் முழுவதும் கோக் விலை பேசும்போது இந்த மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதே தலைவலி உண்டு, வேறு வடிவத்தில். ஜார்கண்டில் உள்ள ஜரியா நிலக்கரி வயல்தான் நம்மிடம் இருக்கும் நல்ல கோக் நிலக்கரியின் பெரிய இருப்பு. அதிலும் சாம்பல் அதிகம். கழுவிக் கழுவிச் சாம்பலைக் குறைத்தாலும் வெளிநாட்டுக் கரிக்கு ஈடாக வராது. ஆகவே, ஆஸ்திரேலியக் கரியோடு கலந்துதான் பயன்படுத்துகிறோம். அந்த ஜரியாவிலும் 1916 முதல் பூமிக்கடியில் தீ எரிந்துகொண்டிருக்கிறது. மீண்டும் உண்டாக்கவே முடியாத கரி, யாருக்கும் பயனில்லாமல், மேலே வாழும் மக்களின் வீடுகளையும் விழுங்கிக்கொண்டு எரிகிறது. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை 1980களின் இறுதியில் துகள்களை நெருக்க வேறொரு வழியைப் பிடித்தது. கட்டி கட்டியாக அச்சிடுவதற்குப் பதிலாக, ஓர் அடுப்பு கொள்ளும் கரி முழுவதையும் அடுப்புக்கு வெளியே ஒரு பெட்டியில் போட்டு, கனத்த உலக்கைகளால் அடுக்கடுக்காக இடித்து, ஒரே பாளமாக்கிவிடுவார்கள். பிறகு அந்தப் பாளத்தைப் பக்கவாட்டுக் கதவு வழியே அடுப்புக்குள் தள்ளுவார்கள். மேலேயிருந்து கொட்டும்போது கன மீட்டருக்கு முக்கால் டன் பிடித்த இடத்தில் இப்போது ஒரு டன்னுக்கு மேல் பிடிக்கும். ஐரோப்பாவில் நெடுநாளாக இருந்த முறை இது. குறைந்த தரக் கரியை நிறையச் சேர்க்க நமக்கு இது பொருந்திவந்தது.

தமிழ்நாட்டிலும் கரியை அச்சில் அழுத்திய ஆலை ஒன்று உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் காயவைத்து, கீல் எதுவும் சேர்க்காமல் அழுத்திக் கட்டியாக்கி, அதைச் சுட்டு ‘லெக்கோ’ என்ற பெயரில் விற்றார்கள். புகை இல்லாமல் எரியும் வீட்டு எரிபொருள் அது. ஊதுலையின் சுமையைத் தாங்கும் கோக் அல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் லெக்கோ கரியைப் பற்றிக் கேளுங்கள், நினைவு வைத்திருப்பார்கள்.

ஜப்பானியர்கள் பிரிக்கெட்டோடு நிற்கவில்லை. ஈரம் இருந்தால் துகள்கள் நெருங்காது என்று பார்த்தோம் அல்லவா? கரியை உலர்த்திவிட்டால் நெருங்கும். ஆனால் உலர்ந்த மென்தூள் பறக்கும், அடுப்பைச் சுற்றி மூச்சுவிட முடியாது. கோக் அடுப்புப் புகை வெறும் எரிச்சல் தருவதல்ல. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருப்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அடுப்பின்மேல் நின்று வேலை செய்யும் தொழிலாளரின் நுரையீரலை நினைக்காமல் செய்யும் எந்தக் கண்டுபிடிப்பும் எனக்கு முழுமையானதாகத் தோன்றாது. இதற்கு அவர்கள் கண்ட வழி: உலர்த்திய கரியிலிருந்து பறக்கும் மென்தூளை மட்டும் தனியே பிரித்து, அதைக் கட்டியாக்கி, மறுபடி கலப்பது. தூசியும் அடங்கியது, துகளும் நெருங்கியது.

அடுத்த படியாக வந்தது ‘ஸ்கோப் 21’ என்ற திட்டம். 1994இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் ஜப்பானின் எஃகு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து நடத்தியது. கரியை அடுப்பில் போடுவதற்கு முன்பே, இளகத் தொடங்கும் நிலைக்கு அருகே 350 டிகிரி வரை, மிக வேகமாகச் சூடாக்குவார்கள். மெல்ல ஏறும் சூட்டைவிட வேகமாக ஏறும் சூட்டில் அரைகுறைக் கரியும் கூடுதலாக இளகும் என்பது ஆய்வில் தெரிந்திருந்தது. மென்தூளைச் சூட்டோடு சூடாக அழுத்திக் கட்டியாக்குவார்கள். முன்சூடு ஏறிய கரி ஆதலால் அடுப்பில் வேகும் நேரமும் குறையும். சோதனை ஆலையில் 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும் வேலை ஏழரை மணி நேரத்துக்குள் முடிந்தது. 2008இல் ஓயிட்டா நகரத்து ஆலையில் இந்த முறையில் அமைந்த முதல் பெரிய கோக் அடுப்பு வரிசை வேலைக்கு வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எத்தனை நேர்த்தியாகக் கோக் செய்தாலும், அது உலையில் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடுதான். ஊதுலை வழியே ஒரு டன் எஃகு செய்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வானில் சேர்கிறது. அதனால் தாதுவின் ஆக்சிஜனைப் பிடுங்கும் வேலையை ஹைட்ரஜனிடம் கொடுக்க ஸ்வீடன் முதலிய நாடுகளில் முயற்சி நடக்கிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடுங்கினால் மிஞ்சுவது நீராவி. அது நல்ல வழி, வரவேண்டும். ஆனால் இன்றைக்கும் உலகத்து எஃகில் பெரும்பகுதி ஊதுலை வழியேதான் வருகிறது. ஹைட்ரஜன் வழி பரவும்வரை, நல்ல கரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஒவ்வொரு வழியும் மதிக்கத்தக்கது என்பது என் கருத்து.

தம்பி தங்கைகளே, முடிப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை. ஒரே அளவான கோலிக்குண்டுகளும் உலர்ந்த மணலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நிறையக் கோலி மட்டும் போட்டு எடை பாருங்கள். அதே டம்ளர் நிறைய மணல் மட்டும் போட்டு எடை பாருங்கள். பிறகு கோலியும் மணலும் கலந்து, டம்ளரைத் தட்டித் தட்டி நிரப்பி எடை பாருங்கள். ஐந்து கோலி, பத்து கோலி என்று மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, வரைபடமாகப் போடுங்கள். டம்ளரின் எடை எந்த அளவில் உச்சிக்குப் போகிறது, ஏன் என்று யோசித்து எங்களுக்கு எழுதுங்கள்.